சைக்கிள் போட்டுக்கொண்ட பூட்ஸ்

எனக்குக் கோபம் வந்தால் உடம்பெல்லாம் சூடாகிவிடும் என்று என் பெண்சாதி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சுத்தப் பொய். அந்த மார்கழியில் பாதி மாசம் நான் கோபத்தில்தான் இருந்தேன். எழுந்திருக்கும்போதே கோபம், சைக்கிளில் ஏறும்போது கோபம், இறங்கும்போது இன்னும் ஜாஸ்தி. ஆனால் கால் இரண்டும் விறைத்துப்போய்க் கட்டையாகத்தான் கிடந்தன. கோபத்தால் கால் சூடாகும் என்றால் நான் அத்தனை பாடு பட்டிருக்கவே வேண்டாம்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் முதலாளி சாயபுவுக்கு ஆம்பூரில் ரயிலடிப் பக்கம் பெரிய கிடங்கு, பேரணாம்பட்டில் தோல் ஷாப்பு. தோல் பதப்படுத்தும் இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பேரணாம்பட்டுக்கு ரயில் கிடையாது. அன்றன்றைக்குத் தேறின தோலில் ஒரு மாதிரித் துண்டும் கூடவே ஒரு கடிதமும் காலை மெட்ராஸ் வண்டியில் போயாக வேண்டும். மெட்ராஸில் இருக்கிற ஏஜெண்டு அந்தத் துண்டைத் தடவி, மடித்து, மோந்து பார்த்துத்தான் சரக்கைச் சீமைக் கப்பலில் ஏற்றுவார். முன்பெல்லாம் இது மாட்டு வண்டியில் ஆடி அசைந்து போகும். பிறகு சாயபு ஒரு சைக்கிள் வாங்கினார். வாங்கி, ஷாப்பு வாசலில் நிறுத்தி, "யாருக்குடா ஓட்டத் தெரியும்?" என்று கேட்டார்.

நான் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து அப்படியே ஏறி வந்து நின்றேன். முழங்கால் வரைக்கும் வெள்ளை. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் கிளாஸ் படிக்கும்போது உபதேசியாருடைய சைக்கிளைத் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போவேன். துடைத்தது கம்மி, ஓட்டியதுதான் ஜாஸ்தி. அந்தத் திருட்டு ஓட்டம் அன்றைக்குக் கை கொடுத்தது. சாயபுவைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்துக் காட்டினேன். "சபாஷ்! நாளையிலேர்ந்து நீதான்" என்றார்.

சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவனுக்குத்தான் அந்த ஒரு வார்த்தையின் அருமை தெரியும். ஆட்டுத்தோலிலிருந்து முடி கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவோம். தோல் ஊறுகிற தண்ணீரிலேயே எங்கள் காலும் ஊறும். ஏழு வருஷம் ஊறினேன். குதிகாலில் விரல் நுழைகிற மாதிரி வெடிப்பு. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் காலை மடக்க முடியாது. அப்படிப்பட்டவனை எடுத்து சீட்டின்மேல் உட்கார வைத்து, காற்றிலே போடா என்று விட்டார்கள். தை போய்ச் சித்திரை போய் ஐப்பசி வரைக்கும் நான்தான் ராஜா. ஆம்பூர் வரைக்கும் பன்னிரண்டு மைலும் பாட்டுப் பாடிக்கொண்டே போவேன்.

கார்த்திகை தாண்டியதும் பாட்டு நின்றது.

எங்கள் பக்கத்து மார்கழிக் குளிர் உங்களுக்குத் தெரியாது. மலையிலிருந்து பனி இறங்கி ரோட்டின்மேல் அப்படியே படுத்துக்கொள்ளும். விடிவதற்கு முன்னே கிளம்ப வேண்டும். பெடல் முழுக்க இரும்பு, அதிலே பல் வேறு. வெறுங்காலை வைத்தால் கடிக்கும். காற்று நேராக வெடிப்புக்குள் புகும். இரண்டு மைல் போனதும் விரல் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆம்பூரில் போய் இறங்கும்போது பெடலில் ரத்தம் இருக்கும், காலில் வலி இருக்காது. வலி அரை மணி கழித்து வரும், வட்டியும் முதலுமாக.

இதில் வயிறெரிகிற சங்கதி என்ன தெரியுமா? ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் தோல். காய்கிற தோல், ஊறுகிற தோல், கட்டுக் கட்டாக வண்டி ஏறுகிற தோல். சீமையில் எவன் எவனோ எங்கள் தோலில் பூட்ஸு தைத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறான். அந்தத் தோலைப் பதம் பண்ணுகிற எங்களில் ஒருத்தன் காலிலும் செருப்பு கிடையாது! பூட்ஸு எப்படித் தைப்பது என்று எங்கள் ஷாப்பில் ஒருத்தருக்கும் தெரியாது. பாதி வேலை இங்கே, மீதி வேலை கப்பலுக்கு அந்தப் பக்கம்.

முதலில் காலில் சாக்குத் துணி சுற்றினேன். அது சங்கிலியில் மாட்டி, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டுபோய் ஒரு பள்ளத்தில் தள்ளியது. அடுத்து வேப்பெண்ணெயில் தேன்மெழுகைக் காய்ச்சிப் பாதம் முழுக்கப் பூசிக்கொண்டேன். வெடிப்புக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் கால் பெடலில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விட்டது. அன்றைக்கு முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வந்தேன். என் பெண்சாதி பார்த்துவிட்டு, "இன்னாய்யா, வடை சுடப் போறியா? காலுக்கு இவ்ளோ எண்ணெய்!" என்றாள். அவளுக்கும் தோல் ஷாப்பில்தான் வேலை. தொட்டியிலிருந்து எடுத்த தோலில் நாங்கள் முடியைத் தள்ளிப்போட, இவள் அந்த முடியைக் கழுவித் தரம் பிரிப்பாள். வாயும் அதே வேகத்தில் பிரிக்கும்.

கடைசியில் வேலூர்ச் சந்தைக்குப் போய்ப் பட்டாளத்துப் பழைய பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிவந்தேன். ஆணி அடித்த பூட்ஸு. நடந்தால் டக் டக் என்று சத்தம். போட்டுக்கொண்டு எங்கள் சேரியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தரம் நடந்தேன். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே என்னைப் பார்த்தால் மரியாதையாக இருந்தது. இனிமேல் மார்கழியாவது மண்ணாங்கட்டியாவது என்று மறுநாள் கிளம்பினேன்.

பாதி வழியில் ஒரு ஊர். ரோடு அந்த ஊர்ப் பெரிய தெரு வழியாகத்தான் போகும், வேறு வழி கிடையாது. சேரிக்காரன் அந்தத் தெருவில் காலில் எதையும் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அது அவர்கள் போட்டு வைத்த சட்டம். மற்ற மாசத்தில் நான் போகிற நேரத்துக்கு அங்கே நாய்கூட எழுந்திருக்காது. மார்கழியில் அப்படியில்லை. ஊரே விளக்கேற்றி வைத்துக்கொண்டு விழித்திருக்கும். பெண்கள் கோலம் போடுவார்கள், ஆண்கள் ஜாலராவும் கையுமாகப் பஜனை பாடிக்கொண்டு வருவார்கள். முன்னால் அந்த ஊர் மணியக்காரர். தலைக்குக் கம்பளி, காலுக்கு ஒன்றுமில்லை. பஜனைக்கு வெறுங்காலோடு வருவதாக வேண்டுதல். எனக்கு என்றைக்குப் பூட்ஸு தேவையோ அன்றைக்குத்தான் தெரு நிறைய ஜனம், பாருங்கள் என் அதிர்ஷ்டத்தை!

"நில்லுடா" என்றார் மணியக்காரர். ஜாலரா நின்றது.

"இன்னாடா அது, காலுல?"

"பூட்ஸுங்க. குளுருக்கு."

"எங்களுக்கு இல்லாத குளுரு உனக்கு இன்னாடா குளுரு? கழட்டு!"

சைக்கிள் விஷயத்திலேயே ஏற்கெனவே ஒரு பஞ்சாயத்து ஆகியிருந்தது. இந்தத் தெருவில் உட்கார்ந்து ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ளு என்று, முதல் மாசமே நான் பகலில் திரும்பி வரும்போது மறித்தார்கள். சாயபு ஆள் அனுப்பிப் பேசினார். மணியக்காரர் தன் மேட்டு நிலத்து ஆவாரம்பட்டையை எல்லாம் எங்கள் ஷாப்புக்குத்தான் போடுகிறார், தோல் பதமாவதே அந்தப் பட்டையில்தான். அதனால் பகைத்துக்கொள்ள மனசில்லாமல் சரி என்றார். அதை இப்போது எனக்கு ஞாபகப்படுத்தினார்.

"வண்டி சாயபுவோடது. வண்டில இருக்கறதப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், வாக்குக் குடுத்துட்டேன். காலுல இருக்கறது உன்னோடது. அதக் கழட்டு."

கழட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு கழட்டினேன். பூட்ஸைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி மாட்டிக்கொண்டேன். விரல் விறைத்துக் கிடக்க, அந்தப் பட்டாளத்துக் கயிற்றை ஓட்டை ஓட்டையாகக் கோத்து முடிச்சுப் போடுவதற்குள் உயிர் போய்ப் போய் வந்தது. தினமும் இதே கூத்து. ஒரு நாள் கயிறு அறுந்தது. அதை ஒட்டுப் போட்டு நான் ஆம்பூர் ரயிலடியில் நுழையும்போது வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது.

சாயபு கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "அங்கே கப்பல் காத்துக்கினு இருக்காது தம்பி. இன்னொரு நாள் வண்டிய உட்டா, நீ தொட்டிக்கே போய்டு. சைக்கிளுக்கு வேற ஆளப் பாக்கறேன்" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் சுண்ணாம்பு வாடை என் மூக்கிலேயே இருந்தது. ஐயோ, மறுபடியும் அந்தத் தொட்டியா! எனக்கு அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? ரோட்டில் ஆள் இல்லை, நன்றாகவே அழுதேன்.

அழுதுகொண்டே யோசித்ததில் ஒன்று மட்டும் புரிந்தது. பூட்ஸைக் கழட்டி மாட்டினால் வண்டி போய்விடும். வெறுங்காலோடு போனால் கால் போய்விடும். வேறு ஏதாவது வேண்டும்.

அன்றைக்கு ஷாப்பில் நுழைந்தால் ஒரே ரகளை. மேஸ்திரி கையில் காய்ந்து வந்த ஒரு தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார். செம்மறி ஆட்டுத்தோல் ஒன்று எப்படியோ சுண்ணாம்புத் தொட்டிக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு, நேராக ஆவாரம்பட்டைத் தொட்டிக்குள் போயிருக்கிறது. ஒரு பக்கம் அருமையாகப் பதமாகி, மறுபக்கம் புசுபுசுவென்று முடி அப்படியே நிற்கிறது. தோல் ஷாப்பில் இதைவிட மானக்கேடு வேறு கிடையாது. "எவண்டா இத உள்ள போட்டது? முடியோட தோலு! வெளிய தெரிஞ்சா சிரிப்பாங்கடா!" என்று கத்தி, குறுக்கே போன என் மூஞ்சியில் அதை வீசினார்.

மூஞ்சியில் விழுந்த தோல் சூடாக இருந்தது.

நான் அதை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். ஏழு வருஷம்! ஏழு வருஷமாக ஒவ்வொரு தோலிலிருந்தும் நான் வேலை மெனக்கெட்டுப் பிடுங்கிப்போட்டது எதுவோ, அதுதான் சூடு. தொட்டியில் நிற்கிற எங்களுக்கு முடி என்றால் குப்பை. தோலில் ஒரு மயிர் நின்றாலும் கூலிக்காரனுக்கு ஏச்சு. ஆடு மட்டும் அந்தக் குப்பையைப் போர்த்துக்கொண்டு பனியில் நிம்மதியாகப் படுத்திருக்கிறது. தோல்காரன் மூளை என்று திட்டுவார்களே, அது எனக்கே எனக்கென்று சொன்னதுதான்.

"மேஸ்திரி, இத நான் எடுத்துக்கட்டா?"

"எடுத்துக்கினு போய்த் தொலை. என் கண்ணுல படக்கூடாது."

வீட்டுக்குக் கொண்டுபோய், முடி உள்பக்கமாக வருகிற மாதிரி இரண்டு உறை வெட்டினேன். என் பெண்சாதி குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முடி விஷயத்தில் அவள் எனக்கு முந்தியே ஞானி. "பனிக்காலத்துல எங்க கை விறைச்சா முடிக் குவியல்லதான் செருகிப்போம். உனக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள்.

"தெரிஞ்சா சொல்றதுதானே?"

"நீ கேட்டியா?"

சண்டை போட நேரமில்லை. ஒரு உறையைக் காலில் மாட்டினேன். ஆஹா! சாம்பலுக்குள் காலை விட்டது போல் கதகதவென்று இருந்தது. இறுக்கமே இல்லை, விரலை ஆட்டலாம். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அந்தத் தெருவுல இத மட்டும் கழட்டச் சொல்லமாட்டானா அவன்?"

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உறையைச் சுவரில் வீசி அடித்தேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "எம்மேல இன்னாத்துக்குக் காட்ற? காலுல போட்டாத்தானே அவனுக்கு வம்பு? சைக்கிளுக்குப் போடு, போ!" என்று கத்திவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

நான் உறையைப் பார்த்தேன். சைக்கிளைப் பார்த்தேன். மணியக்காரர் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. வண்டியில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாராம்.

"இன்னாமே சொன்ன? இன்னொரு தரம் சொல்லு!"

அவள் ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தாள். அதற்குள் நான் பெடலைக் கழட்ட ஆரம்பித்துவிட்டேன். பெடல்மேல் ஒரு பலகைத் துண்டு வைத்துக் கட்டினேன். பலகையைச் சுற்றி உறையைத் தைத்தேன், முன்பக்கம் மூடி, பின்பக்கம் திறந்து. கால் உள்ளே வழுக்கிக்கொண்டு போகும், இழுத்தால் வெளியே வந்துவிடும். கயிறு இல்லை, முடிச்சு இல்லை. ஒரு தொந்தரவு இருந்தது. காலை எடுத்தால் உறை கனத்தில் பெடல் தலைகீழாகப் புரண்டது. அடியில் ஒரு உடைந்த கத்தித் துண்டைப் பாரமாகக் கட்டியதும் நிமிர்ந்து நின்றது. சைக்கிள் பூட்ஸு போட்டுக்கொண்டு நின்றது!

மறுநாள் விடியலில் அந்தத் தெருவில் நுழைந்தேன். கால் இரண்டும் கதகதப்பாக இருந்தன. ஜாலரா நின்றது.

"டேய்! நில்லு. எத்தினி தரம் சொல்றது? கழட்டுடா!"

நான் மெதுவாக நிறுத்தினேன். வலது காலை உறையிலிருந்து உருவி மண்ணில் வைத்தேன். பிறகு இடது காலையும் உருவி வைத்தேன். விளக்கு வெளிச்சத்தில் என் வெறுங்கால் இரண்டும் வெடிப்பும் வடுவுமாக எல்லோருக்கும் தெரிந்தன.

"காலுல ஒன்னும் இல்லீங்க. நல்லாப் பாருங்க" என்றேன்.

"அப்ப அது இன்னாடா?"

"அது சைக்கிளோட பூட்ஸுங்க. சைக்கிளுக்குக் குளுருது, சைக்கிள் போட்டுக்கிச்சு. சைக்கிள் சாயபுவோடதுங்க. கழட்டணும்னா சாயபுகிட்டதான் கேக்கணும்."

 கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு பஜனைக்காரர்களிடம் தாவியது. மிருதங்கக்காரருக்கு அடக்க முடியாமல் மிருதங்கமே குலுங்கியது.  மணியக்காரருக்குத் தான் கொடுத்த வாக்கே குறுக்கே நின்றது. நான் உறைக்குள் காலை விட்டேன், சொடக்குப் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. அப்படி ஒரு மிதி மிதித்தேன். தெருமுனை தாண்டியதும் கூவினேன் பாருங்கள் ஒரு கூவல், வயலில் இருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

அன்றைக்கு மெட்ராஸ் வண்டி வருவதற்குள் நான் ரயிலடியில் நிதானமாக உட்கார்ந்து டீ குடித்தேன். சாயபு வந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அரே, நம்ம சைக்கிள் பூட்ஸு போட்டுக்கிச்சா! நீ தொட்டிக்குப் போற ஆள் இல்லப்பா. இந்த சைக்கிள் இருக்கற வரைக்கும் நீதான் ஓட்டற" என்றார். அதற்குப் பிறகு அந்த மார்கழியில் நான் ஒரு நாள்கூட வண்டியை விடவில்லை. குதிகால் வெடிப்பும் மெல்ல மெல்ல மூடியது.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எனக்குத் திருப்திதான். ஆனால் அடுத்த வருஷம் மணியக்காரரும் ஒரு சைக்கிள் வாங்கினார்.

மறுபடியும் மார்கழி. அவர் ஊரைத் தாண்டி இரண்டு மைல் தள்ளி, புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அவர் கல்லின்மேல் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ அவசரமாகத் தாலுகா கச்சேரிக்குக் கிளம்பியவர். செருப்பில் முன்பக்கம் முழுக்கத் திறப்புதானே, விரலெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைக் காட்டினார். இறங்கினேன். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். யாரும் இல்லை.

"அந்த... சைக்கிள் பூட்ஸு... என் வண்டிக்கு ஒரு ஜோடி தெச்சுக் குடுப்பியா?"

"குடுக்கறங்க. அளவு பாக்கணும். இதுல காலு வெச்சுப் பாருங்க."

தயங்கினார். நான் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குளிர் அவரைப் பிடித்துத் தள்ளியது. செருப்பைக் கழட்டிவிட்டு வலது காலை உறைக்குள் விட்டார். எட்டு மைல் நான் மிதித்து வந்த சூடு இன்னும் உள்ளே ஆறவில்லை. என் காலின் சூடு அது.

"அப்பாடா!" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். "இன்னாமா இருக்குதுடா!"

கொஞ்ச நேரம் விட்டேன். நன்றாக அனுபவிக்கட்டும் என்று விட்டேன். பிறகு சொன்னேன். "நாளையிலேர்ந்து நான் உங்க தெருவுல பூட்ஸு போட்டுக்கினு வருவங்க. என் காலுல."

அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். குனிந்து உறைக்குள் இருந்த தன் காலைப் பார்த்தார். அதை உடனே வெளியே எடுத்துவிட்டு "முடியாது" என்று சொல்லியிருக்கலாம். எடுக்கவில்லை. "சரி" என்றார், ரொம்ப மெதுவாக.

மறுநாள் பரணிலிருந்து பட்டாளத்துப் பூட்ஸை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டால் கால் உறைக்குள் நுழையாது. அதனால் அன்றைக்கு மட்டும் உறையைக் கழட்டி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். இறுக்கத்தில் விரல் மரத்துப்போனது. போகட்டும் என்று விட்டேன். தெரு தொடங்குகிற இடத்தில், என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை, நானாகவே சைக்கிளை விட்டு இறங்கினேன். இறங்கி, தள்ளிக்கொண்டு, தெரு முழுக்க நடந்தேன். டக் டக் டக் என்று நடந்தேன். பஜனைக்காரர்கள் மணியக்காரரைப் பார்த்தார்கள். மணியக்காரர் ஆகாசத்தைப் பார்த்தார்.

ரயிலுக்கு நேரம் கம்மிதான். இருந்தாலும் நான் அவசரப்படவில்லை.